ஓர் இலையிலிருந்து ஒரு செடி: ஆப்பிரிக்க வயலட்டின் இனவிருத்தி

வெயில் நேரே படாத ஒரு ஜன்னலோரத்தில், ஒரு சாணுக்கு மேற்படாத தொட்டியில், பக்குவமாகப் பராமரித்தால் ஆண்டின் பெரும்பகுதியும் பூத்துக்கொண்டே இருக்கக்கூடிய செடிகளைக் கணக்கெடுத்தால் தேறுபவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றுள்ளும், இலை ஒன்றைக் காம்போடு கிள்ளிச் செருகிவைத்தால் அதிலிருந்தே தன்னை முழுவதுமாக மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலில் ஆப்பிரிக்க வயலட்டுக்கு நிகரானவை இன்னும் குறைவு. மெல்லிய ரோமம் அடர்ந்த இலைகள் வட்டமாக அடுக்கடுக்காய் விரிய, நடுவிலிருந்து நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூங்கொத்துகள் எழும் இச்செடியை வீட்டுக்குள் வளர்ப்பவர்களில் பலர் அதைக் கடையில் வாங்கியவர்கள் அல்லர்; அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ ஓர் இலையைக் கேட்டு வாங்கி வந்தவர்கள். இவ்வளவு சுலபமான காரியத்தில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் இலையால் பெருக்குவதும், பக்கக் கன்றால் பெருக்குவதும், பூத்தண்டால் பெருக்குவதும், விதையால் பெருக்குவதும் ஒரே பலனைத் தருபவை அல்ல. ஒன்று தாயின் குணத்தை அப்படியே காக்கிறது. மற்றொன்று சில சமயம் காக்கிறது, சில சமயம் கைவிடுகிறது. இன்னொன்று தாயை விட்டு விலகிப் புதியதொன்றைப் படைக்கிறது. எதை வேண்டி எந்த வழியில் இறங்குகிறோம் என்ற தெளிவில்லாமல் கத்தியை எடுப்பவர், அருமையான ஒரு ரகத்தைத் தம் கையாலேயே இழந்துவிட நேரும். ஆகையால் இந்த வழிகள் எல்லாவற்றையும் ஒருசேர நோக்கி மதிப்பிடுவது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

இச்செடியின் பூர்வீகம் கிழக்காப்பிரிக்கா. இன்றைய டான்சானியாவின் வடகிழக்கே உசம்பாரா மலைகள், அவற்றுக்குத் தெற்கே நூரு, உலுகுரு மலைகள், எல்லைக்கு அப்பால் கென்யாவின் தைதா மலைகள் என இந்து மகாசமுத்திரத்தின் ஈரக்காற்றை ஏற்று நிற்கும் பழைமையான மலைத்தொடர்களிலும், அவற்றின் அடிவாரத்தை ஒட்டிய கடற்கரைப் பிரதேசத்துப் பாறைகளிலும் அது தானாக வளர்கிறது. அடர்ந்த மரநிழலில், ஓடைக்கரைப் பாறைகளின் இடுக்கில், பாசியும் மக்கிய சருகும் சேர்ந்து விரற்கடை ஆழத்துக்குத் திரண்டிருக்கும் இடமே அதற்குப் போதும். வீட்டில் இதை வளர்ப்பதற்கும் பெருக்குவதற்கும் சொல்லப்படும் விதிகள் யாவும் அந்தப் பாறையிடுக்கிலிருந்து பிறந்தவையே: நேர் வெயில் ஆகாது, ஆழமான மண் வேண்டாம், வேருக்குக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. பெயரில் வயலட் என்று இருந்தாலும் ஐரோப்பாவின் உண்மையான வயலட்டுக்கும் இதற்கும் குடும்ப உறவு இல்லை. இது கெஸ்னீரியேசி என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. அந்தக் குடும்பத்தின் உறுப்பினர் சிலர் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரப்பாறைகளிலும் உண்டு. ராபர்ட் வைட் என்ற தாவர அறிஞர் பெயரிட்டு விவரித்த ஜெர்டோனியா இண்டிகா என்னும் சிறு செடி அவற்றுள் ஒன்று. தென்னிந்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

உசம்பாராவின் செடி உலகத்து ஜன்னல்களுக்கு வந்து சேர்ந்த வரலாறே அதன் இனவிருத்தியின் வரலாறும் ஆகும். 1884-இல் சர் ஜான் கிர்க் என்பவர் அனுப்பிய உலர்ந்த மாதிரி லண்டன் கியூ தோட்டத்தில் இருந்ததெனினும், உயிருள்ள செடி ஐரோப்பாவை அடைந்தது வால்டர் வான் சேன்ட் பால்-இலேர் என்ற ஜெர்மானியர் மூலமாகத்தான். அப்போது ஜெர்மன் கிழக்காப்பிரிக்கா என்று வழங்கிய பிரதேசத்தில் உசம்பாரா மாவட்ட அதிகாரியாக இருந்த அவர், தாம் கண்ட செடியைத் தந்தைக்கு அனுப்பிவைக்க, தந்தை அதை ஹனோவர் நகரத்து ஹெரென்ஹௌசன் அரச தோட்டத்தின் அதிபதியாக இருந்த ஹெர்மன் வெண்ட்லாண்டிடம் ஒப்படைத்தார். 1893-இல் வெண்ட்லாண்ட் அதற்குச் செயின்ட்பாலியா அயோனாந்தா என்று சாஸ்திரப் பெயர் சூட்டினார். அதே ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து மலர்க்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. எர்ஃபுர்ட் நகரத்து பெனாரி நிறுவனம் விதையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, முதற்காலத்தில் இச்செடி பரவியது விதையால்தான்.

அந்த நிலை மாறியது அமெரிக்காவில். 1926-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆர்மகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் நாற்றங்கால் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதைகளைத் தருவித்து, சுமார் ஆயிரம் நாற்றுகளை வளர்த்து, அவற்றைச் சலித்துச் சலித்துக் கடைசியில் பத்தை மட்டும் நிறுத்திக்கொண்டது. 'புளூ பாய்', 'வைக்கிங்', 'நெப்டியூன்' முதலிய பெயர்களால் அறியப்பட்ட அந்தப் பத்து ரகங்களும் அதன்பின் விதையால் அல்ல, இலையால் பெருக்கப்பட்டன. விதைத்தால் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக வரும்; இலை வைத்தாலோ வருவன யாவும் ஒரே விதமாக இருக்கும். வியாபாரத்துக்கு வேண்டியது இந்த ஒருமைதான். அதே ஒருமையினால்தான், 'புளூ பாய்' வளர்த்த இல்லத்தரசி ஒருவர் தம் சகோதரிக்குத் தபாலில் ஓர் இலையை அனுப்பினால் அங்கேயும் 'புளூ பாய்' பூக்கும் என்ற உறுதி பிறந்தது. இருபதாண்டுகளுக்குள் இந்தப் பற்று எவ்வளவு பரவிவிட்டது என்றால், 1946-இல் அட்லாண்டா நகரத்தில் இச்செடிக்கென்றே அமெரிக்க ஆப்பிரிக்க வயலட் சங்கம் தோன்றியது. விதையில்லாமல் பெருகும் செடிகளைப் படைத்தவருக்கு உரிமை வழங்கும் சட்டமும் அந்நாட்டில் 1930-லேயே வந்துவிட்டதாகையால், உரிமைப் பதிவு பெற்ற ரகத்தை அனுமதியின்றி இலை வைத்துப் பெருக்குவது அங்கே சட்டத்துக்கு விரோதம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இலையிலிருந்து செடி எப்படி வருகிறது என்ற கேள்வியே இந்த விஷயம் முழுவதற்கும் நடுநாயகம். அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நம் ஊரில் இலையால் பெருகும் செடி என்றவுடன் நினைவுக்கு வருவது ரணகள்ளி. அதன் தடித்த இலையைப் புத்தகத்துக்குள் வைத்தாலும் விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் ஒரு குட்டிச் செடி முளைப்பதைக் காணாத பள்ளிப் பிள்ளைகள் குறைவு. ஆனால் ரணகள்ளி இலையின் பள்ளங்களில் மொட்டுக்கள் முன்னமே உருவாகி உறங்கிக் கிடக்கின்றன. இலை செடியை விட்டுப் பிரிந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன, அவ்வளவே. ஆப்பிரிக்க வயலட்டின் இலையில் அப்படி எந்த மொட்டும் இல்லை. இலையாக வளர்ந்து முடிந்து, இனி வேறெதுவாகவும் ஆக வேண்டிய அவசியமற்ற உயிரணுக்கள், காம்பு வெட்டுண்ட இடத்தில் தம் தொழிலை விட்டுவிட்டு, மறுபடியும் இளமை எய்திப் பிரியத் தொடங்குகின்றன. காம்புக்குள் நீர் செல்லும் நாளக்கற்றைகளுக்கு இடையே உள்ள மெல்லிய சுவருடைய அணுக்களிலிருந்து முதலில் வேர் பிறக்கிறது. அந்த வேர் கிளைத்துப் பல வாரங்கள் வளர்ந்த பிறகே, மேல்தோலை ஒட்டிய அணுக்களிலிருந்து குருத்துக்கள் பிறக்கின்றன. இவ்வாறு வேருக்கும் குருத்துக்கும் பிறப்பிடம் வேறு, பிறக்கும் காலமும் வேறு. தாய் இலையோ, தான் சேமித்த உணவையும் அன்றாடம் ஒளியில் ஆக்கும் உணவையும் ஊட்டுகிறதே தவிர, புதிய செடியின் அங்கமாக ஒருநாளும் ஆவதில்லை. செவிலித்தாய் என்று சொன்னால் பொருந்தும்.

இந்த இரண்டு உண்மைகளும் தெரிந்துவிட்டால் செய்முறையில் நேரும் குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேர் விட்டு ஒரு மாதமாகியும் குருத்து வரவில்லையே என்று கவலைப்பட்டு இலையைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் அனேகர். வேருக்கும் குருத்துக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருப்பது இயற்கை என்று அறிந்தால் கை தானாக அடங்கும். வேர் ஊக்கித் தூள் தடவலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. ஸ்கூக், மில்லர் என்ற இரு விஞ்ஞானிகள் 1957-இல் புகையிலைத் திசுவை வைத்துக் காட்டியதாவது: ஆக்ஸின் என்னும் வளர்ச்சிச் சத்து மிகுந்தால் வேரும், சைட்டோகைனின் என்னும் சத்து மிகுந்தால் குருத்தும் பிறக்கின்றன, எது பிறக்கும் என்பதை நிர்ணயிப்பது அவ்விரண்டின் விகிதமே. கடையில் விற்கும் வேர் ஊக்கித் தூள் ஆக்ஸின் வகையைச் சேர்ந்தது. தானாகவே எளிதில் வேர்விடும் ஓர் இலைக்கு அதைப் பூசினால் வேர் மிகும், நாம் காத்திருக்கும் குருத்தோ பிந்தும். ஆகவே இச்செடிக்கு அந்தத் தூள் வேண்டுவதில்லை என்பது என் துணிபு.

இனி இலையைத் தேர்ந்தெடுக்கும் முறை. அடிவரிசையில் வெளிறிப்போன கிழட்டு இலையும் ஆகாது, நடுவில் இன்னும் விரியாத குருத்திலையும் ஆகாது. நடுவரிசையில், முழு வளர்ச்சி அடைந்து, பச்சை குன்றாமல், விறைப்பாக நிற்கும் இலையே உத்தமம். அதைக் காம்பின் அடியோடு பக்கவாட்டில் அசைத்தால் தண்டில் மிச்சமில்லாமல் வந்துவிடும்; மிச்சம் நின்றால் அது அழுகித் தாய்ச்செடிக்கே தீங்கு விளைவிக்கும். பிறகு, கொதிநீரிலோ சாராயத்திலோ துடைத்த கூரிய பிளேடால் காம்பை ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாமல் சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வின் முகம் இலையின் மேற்புறத்தை நோக்கி இருந்தால் பிறக்கும் கன்றுகள் இலைக்கு முன்புறமாக, வெளிச்சத்தைப் பார்த்து எழும். காம்பை நீளமாக விட்டால் கன்று மண்ணுக்குள் ஆழத்தில் பிறந்து மேலே வர நாள் பிடிக்கும். இலையின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி நீக்குவோரும் உண்டு. இலை தன்னைப் பெரிதாக்கிக்கொள்வதில் செலவிடும் சக்தி அதனால் கன்றின் பக்கம் திரும்புகிறது. பெரிய இலைகளுக்கு இந்த உபாயம் நல்ல பலன் தருகிறது. குட்டை ரகங்களின் சிற்றிலைக்கு அது தேவையில்லை.

தண்ணீரில் வைப்பதா, மண்போன்ற நடவு ஊடகத்தில் வைப்பதா என்பது இச்செடி வளர்ப்போரிடையே தீராத வாதம். குறுகிய வாயுள்ள சீசாவில் நீர் நிரப்பி, வாயைத் தாளால் மூடித் துளையிட்டு, காம்பின் நுனி மட்டும் நனையும்படி இலையைத் தொங்கவிட்டால் வேர் இறங்குவதைக் கண்ணாரக் காணலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்கொரு தனி மதிப்பு உண்டு. ஆனால் நீரில் பிறந்த வேர் நீருக்கே பழகியது. அதை மண்ணுக்கு மாற்றும்போது பெரும்பகுதி நலிந்து, இலை மறுபடி வேர்விட வேண்டியதாகிறது. ஆகையால் முதலிலேயே ஊடகத்தில் வைப்பது மேல். வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் சம அளவு கலந்தது சிறந்த ஊடகம். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் தென்னைநார்க் கழிவை உப்பு நீங்க இரண்டு மூன்று தரம் அலசிப் பிழிந்து, அதில் பாதிக்குப் பாதி பெர்லைட்டோ கழுவிய கரட்டு மணலோ சேர்த்தாலும் போதுமானது. தோட்டத்து மண்ணைத் தனியே உபயோகிக்கக் கூடாது. அடியில் துளையிட்ட காகிதக் கோப்பை அளவுள்ள பாத்திரத்தில், கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டாத ஈரத்தோடு ஊடகத்தை இட்டு, காம்பை அரை அங்குல ஆழத்துக்குச் செருகி, இலை சாயாதபடி ஒரு குச்சியால் தாங்கிவைக்கலாம். ஒவ்வொரு கோப்பையிலும் ரகத்தின் பெயரையும் தேதியையும் அப்போதே எழுதிவிட வேண்டும். பூவில்லாத இலைகள் ஒன்றை ஒன்று ஒத்திருக்குமாதலால், நினைவை நம்பி விட்டவர்கள் பிறகு பூக்கும்வரை காத்திருக்க வேண்டிவரும்.

கோப்பையைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் இட்டு மூடுவது, வேரில்லாத இலை நீரை இழந்து வாடாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு. காற்று வறண்ட குளிர்நாட்டு வீடுகளில் அது இன்றியமையாதது. புழுக்கம் மிகுந்த நம் கடற்கரை ஊர்களிலோ அழுகலுக்கு வரவேற்பு வைப்பதாக முடியும். அங்கெல்லாம் பையின் வாயைத் திறந்தே வைப்பதோ, பையையே தவிர்ப்பதோ நல்லது. வெப்பம் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். இலையை மெல்லத் தொட்டு இழுத்தால் ஊடகம் பிடித்துக்கொள்வது தெரியும். அதன்பின் இன்னும் ஒன்றிரண்டு மாதம் வெளியில் ஒரு மாற்றமும் தெரியாது. ஒருநாள் காலையில் பார்த்தால், காம்பின் அடியில் ஊடகம் மெல்ல விரிந்து, கடுகளவான இரண்டு இலைகள், மயிர்க்கால்கள் வெள்ளையாகப் பளபளக்க, ஒன்றோடொன்று ஒட்டி எழுந்திருக்கும். ஓர் இலையிலிருந்து நான்கைந்து கன்றுகள் வருவது சாதாரணம். பத்துக்கு மேற்படுவதும் உண்டு.

கன்றுகளைப் பிரிக்கும் தருணம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், அவற்றின் இலை ஒரு ரூபாய் நாணயத்தின் அளவை எட்டியிருப்பது. கோப்பையைக் கவிழ்த்து, ஊடகத்தை உதிர்த்து, ஒவ்வொரு நடுக்குருத்தும் தனித்தனிச் செடி என்பதைக் கண்டறிந்து, தத்தம் வேரோடு பிரித்தெடுக்க வேண்டும். இரண்டு குருத்துக்களை ஒரே செடியென்று எண்ணிச் சேர்த்து நட்டால், அவை ஒன்றையொன்று நெருக்கி, உருவம் கெட்டு, பூப்பதும் குறையும். தொட்டி சிறியதாக இருக்கவேண்டும். செடியின் விரிவில் மூன்றில் ஒரு பங்கு குறுக்களவுள்ள தொட்டி போதும் என்பது அனுபவத்தில் உறுதிப்பட்ட விதி. பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத ஈரம் புளித்து அழுகலை உண்டாக்கும். தாய் இலை இன்னும் பச்சையாக இருந்தால், காம்பின் நுனியைப் புதிதாக வெட்டி மறுபடி செருகலாம். இரண்டாம் தரமும் அது கன்று ஈனும். இலை வைத்ததிலிருந்து முதற்பூ வரைக்கும் ஏறக்குறைய எட்டு முதல் பத்து மாதம் ஆகும்.

இலை தாயின் குணத்தை அப்படியே காக்கிறது என்று சொன்னோம். இதற்கு விலக்குகள் உண்டு. அவை அற்பமானவை அல்ல. இதழின் நடுவில் ஒரு நிறமும் விளிம்பில் வேறு நிறமுமாகக் காற்றாடியைப் போன்ற பட்டைகள் ஓடும் பூக்களையுடைய சில ரகங்கள் இருக்கின்றன. விலையும் மதிப்பும் மிக்கவை அவை. அந்தச் செடி உண்மையில் ஒரே மரபுடைய ஒரு செடி அன்று. வெளித்தோல் அடுக்கில் ஒரு மரபணுவும் உள் அடுக்கில் வேறு மரபணுவுமாக இரண்டு செடிகள் ஒன்றன்மேல் ஒன்று போர்த்து வாழ்கின்றன. இதைத் தாவர சாஸ்திரத்தில் கைமீரா என்பர். முன்பு கண்டவாறு இலையிலிருந்து பிறக்கும் குருத்து தோலை ஒட்டிய சில அணுக்களிலிருந்தே எழுவதால், இரண்டு அடுக்கும் உரிய வரிசையில் சேர்ந்து அதில் இடம்பெறுவது அரிது. பிறந்த கன்று ஒரே நிறத்தில் பூக்கிறது, பட்டை மறைந்துவிடுகிறது. அழகான பட்டைப்பூச் செடியை வாங்கியவர், இருக்கிறதே என்று அதன் இலைகளையெல்லாம் கிள்ளி வைத்துவிட்டு, தாய்ச்செடியையும் கவனிக்காமல் விட்டால், கடைசியில் அவர் கையில் மிஞ்சுவது நாற்பது சாதாரண நீலச்செடிகளாக இருக்கக் கூடும்.

இத்தகைய ரகங்களைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பக்கக் கன்று. இலைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள கணுவில் இயல்பாக இருக்கும் மொட்டில் எல்லா அடுக்குகளும் முறைப்படி அமைந்திருக்குமாதலால், அதிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே பூக்கும். சாதாரணமாக, செடியின் வடிவைக் கெடுக்கிறதென்று நாம் கிள்ளியெறியும் பக்கக் கன்றே இங்கே பொக்கிஷமாகிறது. கன்று தானாக வரவில்லையென்றால், செடியின் நடுக்குருத்தைக் கிள்ளிவிட்டால் பக்க மொட்டுக்கள் எழும். நான்கு இலை விட்டபின் கூரிய கத்தியால் எடுத்து, வேரில்லாவிட்டாலும், இலையை வைத்ததுபோலவே ஊடகத்தில் வைக்கலாம். மற்றொன்று, பூத்தண்டு. பூங்கொத்தின் தண்டில் பூக்களுக்குக் கீழே சிறு பூவடிச் செதில்கள் இரண்டு எதிரெதிராக இருக்கும். அவற்றின் கக்கத்திலும் மொட்டுக்கள் உண்டு. பூ வாடியபின் தண்டைச் செதிலுக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, செதில்கள் ஊடகத்தின் மேல் படியும்படி நட்டால் அங்கிருந்து கன்று வரும். இது இலையைவிட மெதுவானது, தவறுவதும் அதிகம். ஆனாலும் தாய்ச்செடியின் குருத்தைக் கிள்ளித் துன்புறுத்த மனம் வராதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

வெள்ளையும் பச்சையும் கலந்த இலைகளையுடைய ரகங்களில் வெள்ளை மிகுந்த இலையைத் தேர்ந்தால் ஒளியை உணவாக்கும் பச்சையம் குறைந்து கன்று நலியும். பச்சை மிகுந்த இலையையே எடுக்க வேண்டும். படர்ந்து தொங்கும் ரகங்களுக்குத் தண்டு நீளமாதலால் கணுவோடு கூடிய துண்டே போதும். ஆண்டுகள் சென்று அடியிலைகள் உதிர்ந்து, மொட்டைத் தண்டின்மேல் ஒரு கொண்டையாக நிற்கும் கிழச்செடியையும் வெட்டி, மேற்பகுதியை மறுபடி வேர்விடச் செய்து இளமையாக்கலாம். ஆய்வுக்கூடங்களில் இலையின் சிறு துண்டுகளைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து ஆயிரக்கணக்கில் பெருக்கும் திசு வளர்ப்பு முறையும் இச்செடிக்கு நெடுங்காலமாகக் கையாளப்படுகிறது. வீட்டு ஜன்னலுக்கு அது எட்டாத விஷயம்.

விதையைப் பற்றி வீட்டில் வளர்ப்போர் பேசுவதே இல்லை. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். பூவை அருகில் வைத்துப் பார்த்தால், மேலே சிறிய இதழ் இரண்டும் கீழே பெரிய இதழ் மூன்றுமாக விரிந்திருக்க, நடுவில் மஞ்சள் நிறத்தில் இரண்டு மகரந்தப் பைகள் ஒட்டி நிற்பதும், சூல்தண்டு நேரே நில்லாமல் ஒரு பூவில் வலப்புறமும் மற்றொரு பூவில் இடப்புறமுமாகச் சாய்ந்திருப்பதும் தெரியும். தேன் கிடையாது, மகரந்தமும் பையை விட்டு எளிதில் உதிர்வதில்லை. காட்டில் தேனீ வகைகள் பூவைப் பற்றி அதிரச் செய்தே அதைப் பெறுகின்றன. அந்தத் தேனீ வராத வீட்டில் அதன் வேலையை நாமே செய்ய வேண்டும். பையை ஊசியால் கீறி, உதிரும் மஞ்சள் தூளை நகத்தில் ஏந்தி, வேறொரு செடியின் பூவில் சூல்தண்டின் நுனியில் மெல்ல ஒற்றினால் போதும். கருவுற்றதென்றால் சில நாளில் இதழ்கள் உதிர்ந்து, இரண்டொரு வாரத்தில் பச்சைக் காய் பருத்துத் தோன்றும். அது முற்றிப் பழுப்பாகிச் சுருங்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

காயைத் தாளின்மேல் வைத்து உடைத்தால் கொட்டுவது விதையா தூசியா என்று ஐயுறும்படி நுண்ணிய நூற்றுக்கணக்கான விதைகள். மூச்சு பட்டால் பறந்துவிடும். ஈர ஊடகத்தின்மேல் தூவி, மண்ணால் மூடாமல், கண்ணாடித் தகட்டால் மட்டும் மூடி, வெளிச்சமான நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் பொடி படிந்தாற்போல் நாற்றுகள் எழும். நீலப்பூவையும் இளஞ்சிவப்புப் பூவையும் கலந்திருந்தால், முதல் தலைமுறை பெரும்பாலும் நீலமாகவே பூக்கும்; இளஞ்சிவப்பு ஒடுங்கி நிற்கிறதேயன்றி அழிந்துவிடவில்லை. அந்த நீலச்செடிகளைத் தம்முள் கலந்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் அது திரும்ப வெளிப்படும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட நியதியை ஒருவர் தம் ஜன்னலிலேயே கண்டுகொள்ளலாம். இலை வைத்து ஆயிரம் ஆண்டு பெருக்கினாலும் இந்தக் காட்சி கிடைக்காது. ஏனெனில் இலையால் வருவது ஒரே செடியின் நீட்சி, விதையால் வருவதே சந்ததி. தானாகத் தோன்றும் மாறுதல்கள் இலைவழியிலும் எப்போதாவது நேர்வதுண்டு. 'புளூ பாய்' ரகத்திலிருந்து இரட்டையிதழ்ப் பூவும் புதிய இலை வடிவமும் வந்தது அப்படித்தான். ஆனால் அவை தற்செயல்கள்.

இந்த வேற்றுமை ஜன்னலோடு நிற்பதன்று. உலகெங்கும் வீடுகளில் உள்ள பழைய ரகங்கள் பெரும்பாலும், தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு வந்த ஒன்றிரண்டு வடிவங்களின் வழித்தோன்றல்களே. காட்டிலோ விதங்கள் மிகுதி. எடின்பரோவின் பி. எல். பர்ட் என்ற அறிஞர் சென்ற நூற்றாண்டின் நடுவில் சுமார் இருபது இனங்களைப் பிரித்துக் காட்டினார். 2006-இல் வந்த ஆராய்ச்சி அவற்றை ஆறாகச் சுருக்கியது. 2015-இல் வெளிவந்த மறுவகைப்பாடு செயின்ட்பாலியா என்ற தனிப்பெயரையே நீக்கி, ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்னும் பெரிய பேரினத்தின் ஒரு பிரிவாக இதை அமைத்துவிட்டது. பெயர் எதுவானாலும், குன்று ஒன்றிலோ பாறைச் சரிவு ஒன்றிலோ மட்டுமே வாழும் வடிவங்கள் அவற்றுள் உண்டு. கென்யாவின் தைதா மலையில் ம்போலோலோக் குன்றில் மட்டும் வளரும் இனம் ஒன்று அதற்குச் சான்று. மேலே நிழல் தரும் மரத்தை வெட்டினால் கீழே பாறையில் உள்ள செடி வெயிலில் கருகுகிறது. அதைத் தனியே யாரும் பிடுங்க வேண்டியதில்லை. கிழக்கு உசம்பாராவில் 1997-இல் அமானி இயற்கைக் காப்பகம் அமைக்கப்பட்டதனால் அதன் இருப்பிடத்தில் ஒரு பகுதியேனும் பாதுகாப்புப் பெற்றது. தொங்கும் ரகங்களும் குட்டை ரகங்களும் பிறக்கக் காரணமாயிருந்தவை இந்தக் காட்டினங்களே என்பதை எண்ணும்போது, இலையால் கோடி கோடியாகப் பெருக்கினாலும் அங்கே அழியும் ஒரு வடிவத்தை இங்கே ஈடுசெய்ய முடியாது என்பது விளங்கும்.

நோய் நொடிகளில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. இலை வாங்கும்போது அதோடு வரும் விருந்தாளிகளையும் சேர்த்தே வாங்குகிறோம். வேரிலும் இலைக்கக்கத்திலும் பஞ்சுபோல் ஒட்டும் மாவுப்பூச்சியைக் கண்ணால் காணலாம். நடுக்குருத்தைச் சுருட்டிக் கட்டியாக்கும் நுண்சிலந்தி கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் புதிய இலையைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, வேரிட்டுக் கன்று தெளியும்வரை மற்றச் செடிகளிலிருந்து விலக்கி வைப்பது அவசியம். இலையில் வெளிறிய வளையங்கள் தோன்றினால் அதை நோயென்று அஞ்சவேண்டாம். சூடான இலையில் குளிர்ந்த நீர் பட்டால் உட்புறத்து அணுக்கள் சிதைந்து அவ்வடு உண்டாகிறது. இலையின் சூட்டை ஒத்த நீரை ஊற்றினால் அது வராது.

நம் நாட்டில் உதகமண்டலம், கோடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களிலும், இலங்கையில் நுவரெலியாவிலும் இச்செடிக்கு வெப்பத்தால் துன்பமில்லை. அங்கே மாரிக்காலத்துக் குளிரில் ஊடகம் சில்லிட்டு வேர் தாமதிப்பதே தொல்லை. கோப்பையைச் சமையலறைச் சுவரை ஒட்டி வைத்தாலே அது தீரும். சமவெளியின் கதை வேறு. பங்குனி முதல் ஆடி வரை, பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில், வளர்ந்த செடியே பூக்க மறுக்கும். புதிய இலையை வைத்தால் பெரும்பாலும் அழுகும். ஐப்பசி முடிவில் இலை வைத்தால் கார்த்திகைக் கடைசியில் வேர் பிடித்து, தை மாதத்தில் கன்று தலைகாட்டி, மாசி பிற்பகுதிக்குள் பிரித்து நடும் பக்குவத்துக்கு வந்துவிடும். கோடையில் அவற்றை வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில், வடக்கு அல்லது கிழக்கு ஜன்னலுக்குச் சற்று உள்ளே வைத்து, உரம் அறவே நிறுத்தி, ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரைத் தவிர்த்து, மழைநீரோ வடிகட்டிய நீரோ மண்ணின் மேற்பரப்பு உலர்ந்தபிறகு மட்டும் ஊற்றிவந்தால், ஆவணியில் புதுக்குருத்து விடத் தொடங்கும்.